வீட்டுத் தோட்டத்தில் இலந்தை: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பக்கம் இலந்தையை யாரும் தேடிப்போய் நட வேண்டியதில்லை. ஏரிக்கரை, கொல்லை வரப்பு, கரட்டு அடிவாரம் என்று தானாகவே முளைத்து நிற்கிறது. கன்னடம் பேசும் வீடுகளில் எலச்சி, தெலுங்கு பேசும் வீடுகளில் ரேகு. போகியன்று குழந்தைகள் தலையில் அந்தப் பழத்தைக் கொட்டி வாழ்த்தும் வழக்கம் தெலுங்குக் குடும்பங்களில் இன்றும் உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை, செம்மண், சரளை, நீண்ட கோடை எல்லாமே இந்த மரத்துக்கு ஒத்துப்போகிறவை. அதனால் "மரம் பட்டுப்போச்சு" என்று கேட்பவர் குறைவு; "மரம் காடா வளருது, பழம் மட்டும் இல்லை" என்பவர்தான் அதிகம். அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை கோடையில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) செய்யாததில்தான் போய் நிற்கும். ஆகவே கவாத்து பற்றிய பதில் கீழே நீளமாக இருக்கிறது. வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள்.

எந்த ரகம் நடலாம்?

தின்பதற்கு என்றால் கோலா, பனாரசி, கைத்லி, உம்ரான். கோலா உருண்டைக் காய், சாறு அதிகம், முந்திப் பழுக்கும். உம்ரான் முட்டை வடிவம், சதை கெட்டி, கடைசியாகப் பழுக்கும். பொன்மஞ்சளில் தொடங்கிச் சாக்லேட் நிறத்துக்கு மாறும். இரண்டு மரத்துக்கு இடம் இருந்தால் கோலா ஒன்று, உம்ரான் ஒன்று வையுங்கள். பழம் கிடைக்கும் காலம் நீளும். மகரந்தத்துக்கும் அது உதவும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம்.

இப்போது நாற்றுப் பண்ணைகளில் அதிகம் விற்பது ஆப்பிள் இலந்தை. தாய்லாந்து வழியாக வந்தது. காய் பெரிது, முள் குறைவு, நட்ட ஓராண்டிலேயே காய்க்கும். மொறுமொறுப்பாக இருக்கும். ஆனால் பழைய இலந்தையின் புளிப்பையும் மணத்தையும் எதிர்பார்த்து நடுபவருக்கு ஏமாற்றம்தான். காஷ்மீர் ஆப்பிள் இலந்தை என்று விற்பது சிவந்த கன்னம் உள்ள வகை. பெயரைப் பார்த்துக் குளிர் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், நம் வெயிலிலேயே காய்க்கும்.

இணையத்தில் 'ஜூஜுபி' என்று விற்கும் செடியும் இதுவும் ஒன்றா?

இல்லை, நெருங்கிய உறவு மட்டும்தான். காய்ந்த சிவப்புப் பேரீச்சை போலப் பொட்டலத்தில் வருவது சீன இலந்தை. அது குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் மரம்; பூக்கவும் காய்க்கவும் அந்தக் குளிர் வேண்டும். நம் இலந்தை இதற்கு நேர்மாறு. கோடை வெயிலில் இலை கொட்டி ஓய்வெடுக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். ஓசூர், தளிப் பக்கத்துக் குளிரை நம்பிக்கூடச் சீன இலந்தையில் பணத்தைப் போட வேண்டாம்.

ஒரே ஒரு மரம் வைத்தால் காய்க்குமா?

காய்க்கலாம், ஆனால் கொஞ்சமாகத்தான். இலந்தையில் பல ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. அதிலும் சில ரகங்களில் பூ காலையில் விரியும், சிலவற்றில் பிற்பகலில். ஒரு பூவில் மகரந்தம் உதிரும் நேரமும் பூவின் பெண் பாகமான சூல்முடி அதை ஏற்கும் நேரமும் ஒன்றாக இருக்காது. வேறு ரகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்த இடைவெளி அடைபடும். இடம் இல்லையென்றால் ஒரே மரத்தின் ஒரு கிளையில் வேறு ரகத்தின் மொட்டைக் கட்டிவிடுங்கள் (செய்முறை கீழே, காட்டு இலந்தையில் நல்ல ரகம் ஏற்றும் பதிலில்). அதுவே போதும். வேலிக்கு அருகே காட்டு இலந்தை நின்றால் அதுவும் மகரந்தம் தரும். முள் குத்துகிறது என்று அதை வேரோடு எடுத்துவிடாதீர்கள்.

பழத்தின் கொட்டையைப் போட்டு வளர்க்கலாமா?

முளைக்கும். ஆனால் தாய் மரத்தின் பழம் வராது. பெரும்பாலும் முள் நிறைந்த, சின்னக் காய் மரம்தான் கிடைக்கும். கொட்டையை வேர்ச்செடிக்கு, அதாவது நல்ல ரகத்தின் மொட்டைக் கட்டுவதற்கான அடிச்செடிக்கு, மட்டும் பயன்படுத்துங்கள். அதற்குக் காட்டு இலந்தைக் கொட்டைதான் சிறந்தது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 170 கிராம் கல்லுப்பைக் கரைத்து அதில் கொட்டைகளைப் போடுங்கள். மிதப்பவை உள்ளே பொக்கு, எறிந்துவிடலாம். மூழ்கியவற்றை நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நிறுத்திச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து விதையுங்கள். ஒரு வாரத்தில் முளைத்துவிடும். உடைக்காமல் போட்டால் மூன்று நான்கு வாரம் ஆகும், முளைப்பும் சீராக இருக்காது.

முடிந்தால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று பருப்பை ஊன்றி, வலுவானதை மட்டும் விட்டு, அங்கேயே மொட்டுக் கட்டுங்கள். இலந்தையின் ஆணிவேர் வேகமாக ஆழம் போகும். பையில் வளர்ந்த செடியில் அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். தண்ணீர் இல்லாத கோடையில் மரத்தைக் காப்பாற்றுவது அந்த ஆணிவேர்தான்.

ஒட்டுச்செடி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மொட்டுக் கட்டிய இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்கு மேலே வளர்ந்த தண்டு நல்ல ரகத்தினுடையதாக இருக்க வேண்டும். கட்டிய பிளாஸ்டிக் நாடா தண்டை இறுக்கிக்கொண்டு கிடந்தால் அதை வாங்காதீர்கள். பையின் அடியைத் தடவிப் பாருங்கள். தடித்த வேர் வெளியே வந்து வளைந்திருந்தால் செடி பையில் அளவுக்கு மீறிய நாள் இருந்துவிட்டது. உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒன்றரை அடிச் செடி ஐந்து அடிச் செடியை இரண்டே ஆண்டில் பிடித்துவிடும். ரகத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையத்திலோ காவேரிப்பட்டணம் அருகே பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரிக்கலாம்.

குழி அளவு, இடைவெளி, நடும் காலம்?

ஆடி முதல் புரட்டாசி வரை நடலாம். நம் மாவட்டங்களில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கிடைக்கும் மழையில் வேர் பிடித்துவிடும். நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். மாமர நிழலில் நட்டால் கிளை வெளிச்சத்தைத் தேடி ஓடுமே தவிரக் காய்க்காது.

இடைவெளி 6 மீட்டர். ஆப்பிள் இலந்தையை ஆண்டுதோறும் ஒட்ட வெட்டுவதால் அதற்கு 4 முதல் 5 மீட்டர் போதும். வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் 4 மீட்டர் தள்ளி நடுங்கள். இலந்தைக் கிளை காய்ப் பாரத்தில் தாழ வளையும். முள்ளோடு முகத்தருகே வந்து நிற்கும்.

மண் பொலபொலவென்று இருந்தால் இரண்டடிக் குழி போதும். சரளையும் சுக்கான்பாறையும் (சுண்ணாம்புப் பாறை) உள்ள இடத்தில் மூன்றடி நீளம், அகலம், ஆழம் எடுத்து, பாறை தட்டினால் கடப்பாரையால் உடைத்துவிட வேண்டும். உடைக்காமல் நட்டால் குழி ஒரு தொட்டி மாதிரி ஆகி மழைத்தண்ணீர் தேங்கும். வறட்சியைத் தாங்கும் இந்த மரம் அப்படித் தேங்கும் தண்ணீரில் இளம் வயதில் அழுகிவிடும். மேல்மண்ணோடு மக்கிய தொழுஉரம் 20 கிலோ, கரையானுக்காக வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ, சூப்பர் பாஸ்பேட் அரை கிலோ கலந்து நிரப்புங்கள். மொட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே அரை அடியாவது இருக்கட்டும்.

முதல் இரண்டு ஆண்டு என்ன செய்ய வேண்டும்?

முதலில் வேலி. ஆட்டுக்கு இலந்தைத் தழை என்றால் உயிர். ஒருமுறை நுனியைக் கடித்துவிட்டால் ஒரு பருவ வளர்ச்சி போயிற்று. அடுத்தது வடிவம். இரண்டரை அடி வரை ஒரே தண்டாக விட்டு, அதற்குக் கீழே வருவதை எல்லாம் கிள்ளிவிடுங்கள். அந்த உயரத்துக்கு மேலே, நாலு திசைக்கு நாலாக, ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி வரும் கிளைகளை மட்டும் விடுங்கள். ஒரே இடத்திலிருந்து இரண்டு கிளை கவட்டையாகப் பிரிந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். பிற்காலத்தில் காய்ப் பாரத்தில் கவட்டை பிளந்தால் மரத்தின் பாதி போய்விடும்.

கவாத்து எப்போது, எவ்வளவு?

இலந்தை புதுத் துளிரில்தான் பூக்கும். இந்த ஆண்டு வளரும் கிளையின் ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் பூங்கொத்து வரும். போன ஆண்டுக் கிளை காய்த்து முடித்துவிட்டது, இனி அதில் காய் இல்லை. வெட்டாமல் விட்டால் அந்தப் பழைய கிளையின் நுனியில் குச்சி குச்சியாக, விரல் நீளத்துக்குத் துளிர் வரும். காயும் அப்படியே சின்னதாக, எட்டாத உயரத்தில், புழுவோடு இருக்கும். வெட்டினால் ஐந்தாறு அடி நீளத்துக்கு வீரியமான கிளை புறப்படும், அதன் கணு ஒவ்வொன்றிலும் காய் பிடிக்கும்.

காலம்: பறிப்பு முடிந்து, இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கும்போது. நமக்கு அது மாசி, பங்குனி. உம்ரான் போலத் தாமதமாகப் பழுக்கும் ரகத்துக்குச் சித்திரை முதல் வாரம் வரை போகலாம். அறுவடைக்குப் பிறகு தண்ணீரை நிறுத்தினால் மரம் தானாகவே ஓய்வுக்குப் போகும், அப்போது வெட்டுங்கள். "மழை வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஆனி வரை தள்ளிப்போட்டால் துளிர் தாமதமாகி, பூவும் தாமதமாகி, காய் தேறுவதற்குள் ஈரப்பதம் போய்விடும்.

முதலில் காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றையொன்று உரசுவது, மரத்தின் நடுவே உள்நோக்கி வளர்வது இவற்றை அடியோடு எடுங்கள். பிறகு போன ஆண்டு வளர்ந்த முக்கியக் கிளைகளைப் பாருங்கள். கோலா, உம்ரான் போன்ற ரகங்களில் ஒவ்வொரு கிளையிலும் அடியிலிருந்து 15 முதல் 25 கணு எண்ணி விட்டு மேலே வெட்டிவிடுங்கள். அந்தக் கிளையிலிருந்து பிரியும் பக்கக் குச்சிகளை முழுவதும் நீக்குங்கள். ஆப்பிள் இலந்தையில் இன்னும் கடுமை வேண்டும்: நாலு முக்கியக் கிளையும் அடிமரத்திலிருந்து ஓர் அடி மட்டும் நிற்க, மீதி எல்லாம் போக வேண்டும். பார்க்க மொட்டை மரமாகத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் "பச்சை மரத்தை இப்படியா வெட்டுவது" என்பார்கள். வைகாசி மழைக்குப் பிறகு அவர்களையே கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பெருவிரல் பருமனுக்கு மேற்பட்டதை ரம்பத்தால் வெட்டுங்கள், கொடுவாளால் வேண்டாம். கொடுவாள் வெட்டில் பட்டை கிழியும். கிழிந்த இடத்தில் கிளை காய்ந்துகொண்டே அடிமரம் நோக்கி இறங்கும். வெட்டு முகம் சாய்வாக, தண்ணீர் வழியும்படி இருக்கட்டும். தோல் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இலந்தையின் முள் இரட்டை: ஒன்று நேராகக் குத்தும், மற்றது கொக்கி போல வளைந்து, கையை இழுக்கும்போது கிழிக்கும்.

வெட்டிய இடத்தில் என்ன பூசுவது?

போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நீறாத புதுச் சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். தண்ணீரில் பாதியில் மயில்துத்தத்தைப் பொடித்துப் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. மறுபாதியில் சுண்ணாம்பை நீற்றி, ஆறவிட்டு, வடிகட்டுங்கள். இரண்டையும் மூன்றாவது வாளியில் சேர்த்து ஊற்றிக் கிளறினால் வெளிர்நீலக் கூழ் வரும். பளபளப்பான ஓர் இரும்பு ஆணியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. நிறம் படியாத வரை சிறிது சிறிதாகச் சேருங்கள். பழைய தூரிகையால் வெட்டு முகத்தில் தடவுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றே கலக்க வேண்டும், மறுநாளுக்கு அது உதவாது.

கொல்லையில் காட்டு இலந்தை நிற்கிறது. அதில் நல்ல ரகம் ஏற்ற முடியுமா?

தாராளமாக. புதிதாக நடுவதைவிட இது சீக்கிரம் பலன் தரும், ஏனென்றால் ஆழமான வேர் ஏற்கெனவே இருக்கிறது.

மாசி, பங்குனியில் மரத்தைத் தரையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு அடி உயரத்தில் ரம்பத்தால் சாய்வாக அறுத்துப் பசை பூசுங்கள். சித்திரைக்குள் அந்தக் கட்டையைச் சுற்றிப் பத்து இருபது போத்து (புதுக் கிளை) கிளம்பும். நல்ல இடைவெளியில் உள்ள மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கையாலேயே பிய்த்து எடுங்கள். கத்தியால் அறுத்தால் அடிக்கண் மிஞ்சி மறுபடி வரும். ஆனி, ஆடியில் அந்தப் போத்துகள் பென்சில் பருமன் ஆகியிருக்கும். பட்டையும் அப்போது சுலபமாகக் கழன்று வரும்.

நல்ல ரக மரத்தில், இந்தப் பருவத்தில் வளர்ந்த, அதே பருமனுள்ள குச்சியை வெட்டுங்கள். இலைத் தகட்டைக் கத்தரித்து, காம்பை மட்டும் அரை அங்குலம் விடுங்கள். முள்ளை நறுக்கிவிடுங்கள். குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி அன்றே பயன்படுத்துங்கள்.

காட்டுப் போத்தில் வழுவழுப்பான ஓர் இடத்தில், உயரம் ஓர் அங்குலம், அகலம் அரை அங்குலம் உள்ள ஒரு செவ்வகத்தைப் பட்டை ஆழத்துக்கு மட்டும் கீறி, பட்டையை உரித்து எடுங்கள். உள்ளே வழவழவென்று ஈரம் தெரிய வேண்டும். அதே அளவு பட்டையை நல்ல குச்சியிலிருந்து, மொட்டு நடுவில் வரும்படி கீறி, பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். நேராகப் பிடுங்கினால் மொட்டின் உள்வேர் குச்சியிலேயே தங்கிவிடும். எடுத்த பட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். மொட்டுக்கு நேரே சின்ன ஓட்டை இருந்தால் அது பிடிக்காது, வேறொன்று எடுங்கள். வெட்டிய இடத்தில் விரல் படாமல், தாமதிக்காமல் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுங்கள். மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியட்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் காம்பை விரலால் தொடுங்கள். பச்சையாக இருந்து, தொட்டதும் உதிர்ந்தால் ஒட்டிக்கொண்டது. கறுத்துச் சுருங்கி, உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் தவறிவிட்டது. அதே போத்தில் கொஞ்சம் கீழே மறுபடி கட்டலாம். ஒட்டியதில் நாடாவை அவிழ்த்து, மொட்டுக்கு மேலே ஒரு சாண் விட்டுக் காட்டுப் போத்தை வெட்டுங்கள். மிச்சமுள்ள அந்தத் துண்டில் புதுத் துளிரைத் தளர்வாகக் கட்டிவையுங்கள், ஆடிக்காற்று ஒடிக்காமல் இருக்கும்.

நல்ல ரகம்தான் நட்டோம். நாலு ஆண்டு கழித்துச் சின்னப் புளிப்புப் பழம் வருகிறது. ஏன்?

ஒட்டுக்குக் கீழே இருந்து காட்டு வேர்ச்செடி கிளம்பி மேலே வந்துவிட்டது. அடியில் பாருங்கள். இலை சின்னதாக, முள் நெருக்கமாக உள்ள கிளை ஒட்டுக்குக் கீழே தொடங்கினால் அதுதான். கண்ட நாளே பிய்த்து எடுங்கள். அது வேரின் முழுப் பலத்தையும் இழுத்து நல்ல கிளையைப் பட்டினி போட்டுவிடும். நல்ல பக்கம் முழுதும் செத்துவிட்டதென்றால் மரத்தைப் பிடுங்க வேண்டாம், மேலே சொன்னபடி மொட்டுக் கட்டுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

முதல் ஆண்டில் மழை இல்லாத வாரங்களில் செடிக்கு 10 லிட்டர் வீதம் வாரம் இரண்டு முறை. காய்க்கும் மரத்துக்குப் பறிப்பு முடிந்ததிலிருந்து மழை வரும் வரை எதுவும் வேண்டாம். கோடையில் பரிதாபப்பட்டுத் தண்ணீர் விட்டால் ஓய்வு கலைந்து, வெயிலில் நோஞ்சான் துளிர் வரும்.

தண்ணீர் தேவைப்படுவது காய் பருக்கும்போது, புரட்டாசி முதல் மார்கழி வரை. வடகிழக்கு மழை பொய்த்தால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வட்டப்பாத்தி நிறைய விடுங்கள். காயவிட்டுக் காயவிட்டு ஒரேயடியாக வெள்ளம் போலப் பாய்ச்சினால் காய் வெடிக்கும், உதிரும். பாத்தியில் நிலக்கடலைத் தோலோ காய்ந்த சருகோ மூடாக்குப் போட்டால் இடைவெளி இன்னும் நீளும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

உரம்?

முதல் ஆண்டில் தொழுஉரம் 20 கிலோ, யூரியா 430 கிராம், சூப்பர் பாஸ்பேட் 600 கிராம், பொட்டாஷ் 330 கிராம். ஆண்டுக்கு ஆண்டு கூட்டி, காய்க்கும் பெரிய மரத்துக்குத் தொழுஉரம் 30 கிலோ, யூரியா 1 கிலோவுக்குச் சற்று மேல், சூப்பர் 1¼ கிலோ, பொட்டாஷ் 800 கிராம். கவாத்துக்குப் பின் வரும் முதல் நல்ல மழையில் தொழுஉரம், சூப்பர், பொட்டாஷோடு யூரியாவில் பாதி. காய் பட்டாணி அளவாகும்போது மீதி யூரியா. கிளை நுனியின் நிழல் விழும் வட்டத்தில் போட்டு மண்ணைக் கிளறி மூடுங்கள். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் தொழுஉரத்தை 50 கிலோ ஆக்கி வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ சேர்க்கலாம். வீட்டுத் தேவைக்கான பழம் அதில் வந்துவிடும்.

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

இரும்புச்சத்துக் குறை. சுக்கான்பாறை நிலத்தில் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போகும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

பூ கொள்ளை கொள்ளையாக வந்தது. காய் சில மட்டுமே நின்றது.

இலந்தைப் பூவில் பெரும்பகுதி உதிர்வது இயல்பு, அதற்குக் கவலை வேண்டாம். ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்தால்தான் பார்க்க வேண்டும். வேறு ரகம் பக்கத்தில் இல்லாதது முதல் காரணம். பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிப்பது அடுத்தது. இந்தச் சின்னப் பச்சைமஞ்சள் பூவுக்குத் தேனீ, குளவி, வீட்டு ஈ எல்லாம் வந்துதான் சூல் பிடிக்கிறது. பூ இருக்கும் வரை வேப்பெண்ணெய் உட்பட எதையும் அடிக்காதீர்கள்.

பிஞ்சில் வெள்ளைப் பொடி படிகிறது.

சாம்பல் நோய். ஐப்பசி, கார்த்திகைப் பனியில் வரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூடுதல். பொடி படிந்த பிஞ்சு வளராது, தோல் தடித்துப் பழுப்பாகி உதிரும். நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாளில் மறுமுறை. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், காலையிலேயே முடித்துவிடுங்கள். மரத்தின் நடுவே வெளிச்சமும் காற்றும் போகும்படி கவாத்து செய்திருந்தால் பாதித் தொல்லை குறையும்.

பழத்தைப் பிட்டால் புழு. என்ன செய்தாலும் போகவில்லை.

பழ ஈ. காய் இளசாக இருக்கும்போதே தோலைத் துளைத்து முட்டை வைக்கும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு குழிவு மட்டும் தெரியும். உள்ளே வெள்ளைப் புழு கொட்டையைச் சுற்றிச் சதையைத் தின்று, பழம் விழுந்ததும் வெளியேறி மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து அடுத்த தலைமுறை ஈ கிளம்பும். மரத்தடியில் விழுந்த பழத்தை விட்டுவைப்பவர் ஈ வளர்க்கிறார் என்றுதான் பொருள்.

ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு முறை விழுந்ததைப் பொறுக்குங்கள். பொறுக்கியதைக் குப்பைக்குழியில் போட வேண்டாம், புழு அங்கேயே மண்ணுக்குள் போகும். தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். சித்திரை, வைகாசியில் மரத்தடி மண்ணை அரை அடி கொத்திப் புரட்டிவிடுங்கள். கூட்டுப்புழு வெயிலில் காயும், கோழி இருந்தால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காய் பட்டாணி அளவிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வேப்பங்கொட்டைக் கரைசல்: பருப்பு அரை கிலோவை இடித்து இரவு முழுக்க 3 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். மாந்தோப்பில் தொங்கவிடும் ஈப்பொறி மாம்பழ ஈக்கானது; இலந்தையின் ஈக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் பேசுங்கள். அவர் மரத்தடியில் பழம் அழுகிக் கிடந்தால் உங்கள் உழைப்பு பாதிதான் பலிக்கும்.

கிளைக் கவட்டையில் மரத்தூளும் நூலாம்படையும் தொங்குகிறது.

பட்டை தின்னும் புழு. பகலில் துளைக்குள் இருக்கும், இரவில் வெளியே வந்து பட்டையைச் சுரண்டும். நூலாம்படையைத் துடைத்து, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடையுங்கள். இலை மட்டும் இரவோடு இரவாகச் சல்லடையானால் அது மழைக்குப் பின் வரும் வண்டு. விளக்கு வைத்து மரத்தை உலுக்கி, கீழே விரித்த துணியில் விழுவதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

எப்போது பறிப்பது? எவ்வளவு கிடைக்கும்?

பச்சையில் பறித்தால் வீட்டில் வைத்து இனிப்பு ஏறாது. ரகத்துக்குரிய நிறம் வந்து, தோல் மினுங்கும்போது கையால் பறியுங்கள். உலுக்கினால் அடிபட்டது இரண்டே நாளில் பழுப்பாகும். ஒரே மரத்தில் நாலைந்து தடவை பறிக்க வேண்டிவரும். நல்ல பராமரிப்பில் வளர்ந்த மரம் 50 முதல் 100 கிலோ தரும். கிளி, அணிலுக்கு மரம் குட்டையாக இருந்தால் வலை போர்த்தலாம். கவாத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இலந்தை வடைக்கு எந்தப் பழம்?

காட்டுப் பழம்தான். ஆப்பிள் இலந்தையில் புளிப்பு போதாது. நன்றாகப் பழுத்துச் சுருங்கத் தொடங்கிய பழம் ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் எட்டு, வெல்லம் 100 கிராம், உப்பு, கொஞ்சம் பெருங்காயம். மிளகாயையும் உப்பையும் முதலில் உரலில் இடித்து, பழத்தைப் போட்டு, கொட்டை உடையாமல் சதை மட்டும் மசியும்படி இடியுங்கள். தட்டி, வெள்ளைத் துணியில் இரண்டு மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள்.

கழித்த முள்கிளையை என்ன செய்வது?

தழையோடு இருப்பதை ஆட்டுக்குப் போடலாம். தழை போனபின் முள்கிளையை நுனி வெளியே பார்க்கும்படி அடுக்கி, கல் ஏற்றி அழுத்தினால் கொல்லைக்கு இரண்டு ஆண்டு தாங்கும் வேலி. கரடுமுரடாகப் பழுப்புச் செதில் அப்பிய கிளையை மட்டும் வேலியில் சேர்க்காதீர்கள். அது அரக்குப் பூச்சி. மரத்தடியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் அன்றே எரித்துவிட வேண்டும்.